இருவகைச் சொகுசு

நாவலையும் நாடகத்தையும் சங்கீதக் கச்சேரியையும் அலசி ஆராய்ந்து விமர்சனம் எழுதுகிற நாம் மோட்டார் காரை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. காரைப் பற்றி எழுதுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் வாங்கப் போகிறவனுக்காக எழுதுகிறார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் போகும், பின்னால் எத்தனை பேர் உட்காரலாம், ஐந்து வருஷம் கழித்து விற்றால் என்ன விலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கும் வேண்டியதுதான். என்றாலும், ஒரு நாவலைப் பற்றி 'நானூறு பக்கம், கெட்டி அட்டை, பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குப் போகும்' என்று எழுதி முடித்துவிட்டால் அதை விமர்சனம் என்று யாராவது ஒப்புக்கொள்வார்களா?

காரும் ஒரு படைப்புத்தான். அதிலும் சொகுசுக் கார் என்பது முழுக்க முழுக்கக் கற்பனையால் பிறப்பது. லாரியைச் செய்கிறவனுக்குத் தேவை வழி காட்டுகிறது. இத்தனை டன் பாரம், இத்தனை தூரம் என்று விஷயம் தீர்ந்துவிடுகிறது. சொகுசுக் காரைச் செய்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. வேண்டியதெல்லாம் ஏற்கனவே கையில் உள்ள ஒரு மனிதனுக்கு இன்னும் என்ன கொடுத்தால் அவன் இன்பமடைவான் என்று அவன் யோசித்தாக வேண்டும். அப்படி யோசிக்கும்போது, மனிதனைப் பற்றி அவன் மனத்தின் அடியில் என்ன எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பது வெளியே வந்துவிடுகிறது. எனக்கு அக்கறை அதில்தான். நான் எஞ்சினீயர் அல்ல, கதை எழுதுகிறவன். ஒரு படைப்பின் பின்னால் நிற்கும் மனத்தைப் பார்ப்பது என் தொழிலின் பழக்கம்.

இரண்டு கார்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 1955-இல் பிரான்ஸில் வெளிவந்த ஸிட்ரோயன் டி.எஸ். மற்றொன்று, 1989-இல் ஜப்பானிலிருந்து புறப்பட்ட லெக்ஸஸ் எல்.எஸ். 400. இரண்டையுமே இன்று எந்தத் தொழிற்சாலையிலும் செய்வதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கடைக்கு ஓட வேண்டிய அவசியமில்லை. இரண்டுக்கும் நடுவே முப்பத்து நான்கு வருஷ இடைவெளி. தேசம் வேறு, காலம் வேறு, மோட்டார்த் தொழிலின் மரபும் வேறு. ஆனால் இரண்டும் கொடுத்த வாக்கு ஒன்றே: நாலு கதவு, ஐந்து பேர், களைப்பில்லாத பிரயாணம். களைப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத்தான் இரண்டும் வெவ்வேறு பதில் சொல்லின.

1955-ஆம் வருஷம் அக்டோபர் 5-ஆம் தேதி பாரிஸ் நகரின் கிராண்ட் பாலே மண்டபத்தில் நடந்த மோட்டார் கண்காட்சியில் ஸிட்ரோயன் கம்பெனி தன் புதிய காரை ஜனங்களின் பார்வைக்கு வைத்தது. பெயர் இரண்டே எழுத்து. பிரெஞ்சுக்காரர்கள் அதை உச்சரித்தால் 'தேயெஸ்' என்று ஒலிக்கும். அவர்கள் பாஷையில் அந்த ஒலிக்குத் தேவி என்று அர்த்தம். முதல் கால் மணி நேரத்தில் 743 பேர் ஆர்டர் கொடுத்தார்கள், அன்று பொழுது சாய்வதற்குள் அது 12,000 ஆயிற்று என்று அதன் சரித்திரம் கூறுகிறது. இவர்களில் யாரும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டவில்லை. தரிசனத்திலேயே திருப்தியடைந்துவிட்டார்கள்.

தரிசனம் அப்படிப்பட்டதுதான். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றின் முகத்தில் குரோமியப் பற்கள் இளித்துக்கொண்டிருக்கும். இந்தக் காருக்குப் பற்களே இல்லை. மூக்கு தாழ்ந்து, உடல் பின்னே போகப் போக மெலிந்து, பின் சக்கரங்கள் தகட்டுக்குள் பாதி மறைந்து, தண்ணீரில் விட்டால் நீந்திவிடும் போன்ற வடிவம். முன் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பின் சக்கரங்களின் அகலம் இருபது சென்டிமீட்டர் குறைவு. திரும்பும் திசையைக் காட்டும் பின் விளக்குகள் கூரையின் இரண்டு ஓரங்களிலும் ஊதுகுழல் போல நிற்கின்றன. உள்ளே ஸ்டியரிங் சக்கரத்துக்கு ஒரே ஒரு ஆரம். இந்த உருவத்தை வனைந்தவர் ஃப்ளாமினியோ பெர்டோனி என்ற இத்தாலியர். அவர் சிற்பி. களிமண்ணைப் பிசைந்து பழகிய கை என்பது காரைப் பார்த்தாலே தெரிகிறது. எங்கே கோடு முடிகிறது, எங்கே வளைவு தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

ஆனால் இந்தக் காரின் அசல் அதிசயம் கண்ணுக்குப் படாத இடத்தில் இருந்தது. சாதாரணக் கார்களில் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே இரும்பு வில் இருக்கும். டி.எஸ்.ஸில் வில் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தேங்காய் பருமனில் ஒரு உருக்குக் கோளம் இருந்தது. கோளத்தின் ஒரு பாதியில் நைட்ரஜன் வாயு, மறு பாதியில் எண்ணெய், நடுவே ஒரு ரப்பர்ச் சவ்வு. சக்கரம் மேட்டில் ஏறினால் எண்ணெய் சவ்வைத் தள்ளும். வாயு அமுங்கிக் கொடுக்கும். மேடு கடந்ததும் பழைய நிலைக்கு வரும். எஞ்சின் ஓடும்போது ஒரு பம்பு அந்த எண்ணெயை அழுத்தத்திலேயே வைத்திருக்கும். ஐந்து பேர் ஏறினாலும் ஒருவர் ஏறினாலும் கார் ஒரே உயரத்தில் நிற்கும். எஞ்சினை நிறுத்தினால் மெல்லப் பெருமூச்சு விட்டுக்கொண்டு தரையோடு படுத்துவிடும். மறுபடி ஓட்டினால் எழுந்து நிற்கும். டயர் மாற்ற வேண்டுமானால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும். கார் தானே உயர்ந்து கொடுக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் பால் மாஜெஸ். எஞ்சினீயரிங் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர். இளம் வயதிலேயே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து சொந்த முயற்சியில் கற்றவர். வில் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் அவருக்குப் பாடம் நடத்தியிருக்கவில்லை என்பது பிரான்ஸ் செய்த பாக்கியம் போலும்! இவர்கள் இருவருக்கும் மேலே இருந்து காரின் எஞ்சினீயரிங் வேலையை நடத்தியவர் ஆந்த்ரே லெஃபெவ்ர். விமானங்கள் செய்துவிட்டுக் கார்களுக்கு வந்த காப்ரியேல் வுவாஸன் என்பவரிடம் வேலை கற்றவர்.

ஏன் இத்தனை சிரமம்? காரணம் அந்தத் தேசத்தின் மண்ணில் இருந்தது. யுத்தம் முடிந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. நகரத்தை விட்டு வெளியே போனால் குண்டும் குழியுமான கிராமத்துச் சாலைகள். பெரிய எஞ்சின் வைத்த கார்களின் மேல் சர்க்கார் கடுமையான வரி போட்டிருந்தது. டெலாஜ், டெலாஹே என்று யுத்தத்துக்கு முன் கொடி கட்டிப் பறந்த பிரெஞ்சு சொகுசுக் கார்களெல்லாம் அந்த வருஷங்களில் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. இப்படிப்பட்ட நாட்டில் சொகுசை எஞ்சினின் பலத்தில் தேட முடியாது, சாலையின் வழவழப்பிலும் தேட முடியாது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: சக்கரத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ள இடம். டி.எஸ். தன் மூளை முழுவதையும் அந்த ஒரு முழ இடத்தில் செலவழித்தது. களைப்பு சாலையிலிருந்து வருகிறது என்பது அதன் தீர்மானம். ஆகவே சாலையை மறைத்துவிட்டது.

இனிக் குறையைச் சொல்ல வேண்டும். உடலையும் கால்களையும் இவ்வளவு புதுமையாகச் செய்தவர்கள் இதயத்தை மட்டும் பழைய காரிலிருந்து எடுத்து வைத்தார்கள். 1934-இல் வந்த தங்கள் பழைய காரின் நாலு சிலிண்டர் எஞ்சினுக்கே தலையை மட்டும் மாற்றிப் பொருத்தினார்கள். 1911 ஸி.ஸி., 75 குதிரை சக்தி. ஆறு சிலிண்டரில் ஒரு புது எஞ்சினைச் செய்து பார்க்க முயன்று கைவிட்டிருந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1965-இல்தான் புது எஞ்சின் வந்தது. அதுவும் நாலு சிலிண்டர்தான். குழியில் இறங்கினால் மெத்தையில் இறங்கியது போல இருக்கும். வேகத்தைக் கூட்டினாலோ முன்னாலிருந்து எஞ்சின் தன் வயதைச் சொல்லிப் புலம்பும். பட்டுப் புடவை கட்டி வந்த தேவி இரும ஆரம்பித்தால் எப்படி இருக்கும், அப்படி!

இன்னொரு குறையும் உண்டு. இது முந்தியதைவிடப் பெரிது என்பது என் அபிப்பிராயம். அந்த ஒரே எண்ணெய்தான் காரைத் தாங்கியது, ஸ்டியரிங்கைத் திருப்பியது, கியரை மாற்றியது, பிரேக்கையும் பிடித்தது. எண்ணெய் கெட்டால் எல்லாமே கெட்டுப் போகும். ஆரம்பத்தில் அவர்கள் உபயோகித்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுள்ளது. ஈரம் சேர்ந்தால் உள்ளே துரு. பச்சை நிறத்தில் ஒரு புதுக் கனிம எண்ணெய் 1966-இல் வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. அதுவரை கிராமத்து மெக்கானிக்கின் கதியை நினைத்துப் பாருங்கள். அவன் அப்பன் காலத்திலிருந்து வில்லையும் கிளட்சையும் கழற்றிப் பூட்டியவன். அவன் முன்னே வாயுவும் எண்ணெயும் நிரம்பிய கோளங்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவன் என்ன செய்வான்? ஓட்டுகிறவனும் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது. பிரேக்குக்கு மிதி கிடையாது, காளான் போன்ற ஒரு ரப்பர்க் குமிழ்தான். பழக்கமில்லாதவன் காலை வழக்கம் போல அழுத்தினால் பின்னால் இருப்பவர்கள் முன்னால் வந்துவிடுவார்கள். மேதைகளின் பாடத்துக்கு உலகம் கட்டணம் செலுத்தியது. சீக்கிரமே கம்பெனி இறங்கிவந்து, இந்த நுட்பங்களில் சிலவற்றைக் குறைத்து ஐ.டி. என்ற எளிய, மலிவான உருவத்தையும் விற்க வேண்டியதாயிற்று.

ஆனாலும் அந்தக் கார் தன் வாக்கை ஒரு முறை தேசத்தின் கண் முன்னால் காப்பாற்றிக் காட்டியது. 1962 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, பாரிஸுக்கு அருகே பெடி கிளமார் என்ற இடத்தில் ஜனாதிபதி டி கால் சென்ற காரைக் கொலையாளிகள் சுட்டார்கள். அது ஒரு டி.எஸ். டயர்கள் ஓட்டையாயின. கார் கவிழவில்லை, நிற்கவும் இல்லை. ஓட்டியவரின் கைக்கு அடங்கி, வேகம் குறையாமல் அந்த இடத்தைக் கடந்துவிட்டது. ஜனாதிபதியும் அவர் மனைவியும் காயமின்றித் தப்பினார்கள்.

இனி கிழக்கே போவோம். அங்கே கதை ஒரு சிற்பியின் கையில் தொடங்கவில்லை. ஒரு கூட்டத்தில் தொடங்குகிறது. 1983 ஆகஸ்டில் டொயோட்டா கம்பெனியின் தலைவர் எய்ஜி டொயோடா தம் அதிகாரிகளை ரகசியமாகக் கூட்டி ஒரு கேள்வி கேட்டார்: உலகத்தின் மிகச் சிறந்த கார்களோடு போட்டியிடக்கூடிய ஒரு காரை நம்மால் செய்ய முடியுமா? கேள்வியின் பின்னே வியாபாரக் கணக்கு இருந்தது. 1981 முதல் அமெரிக்காவுக்கு ஜப்பான் அனுப்பும் கார்களின் எண்ணிக்கைக்கு இரு நாடுகளும் ஒரு வரம்பு வைத்துக்கொண்டிருந்தன. முதல் வருஷத்து வரம்பு 16 லட்சத்து 80 ஆயிரம். எண்ணிக்கை கூடாது என்றால் விலை கூட வேண்டும். மலிவான, கெடாத சின்னக் கார்களுக்குப் பெயர் போன கம்பெனி பணக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்கத் தீர்மானித்தது இப்படித்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மனத்தைக் கேட்டார்கள். ஜப்பானியர்கள் வாங்குகிறவனைக் கேட்டார்கள். 1985-இல் ஒரு குழு கலிபோர்னியாவில் லகூனா பீச் என்ற ஊரில் குடியிருந்து, அங்குள்ள செல்வந்தர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதை விரும்புகிறார்கள், எதற்கு முகம் சுளிக்கிறார்கள் என்று கவனித்தது. பிறகு 1,400 எஞ்சினீயர்கள் உழைத்தார்கள். ஏறத்தாழ 450 மாதிரிக் கார்கள் செய்து ஓட்டிப் பார்த்தார்கள். செலவு நூறு கோடி டாலருக்கு மேல்.

தலைமை எஞ்சினீயர் இச்சிரோ ஸுஸுகி. இந்த மனிதரின் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒன்றுக்கொன்று முரண்பட்ட இரண்டு குணங்களை எடுத்து, நடுவே 'ஆயினும்' என்ற வார்த்தையைப் போட்டு, இரண்டும் வேண்டும் என்று நிற்பார். வேகம் வேண்டும், ஆயினும் பெட்ரோல் குறைவாகச் செலவாக வேண்டும். காரில் அமைதி வேண்டும், ஆயினும் எடை கூடாது. பொதுவாகச் சத்தத்தைக் குறைக்க எல்லோரும் என்ன செய்வார்கள்? கம்பளமும் பஞ்சும் ரப்பரும் போட்டு அடைப்பார்கள். எடை கூடும், பெட்ரோல் கூடும். ஸுஸுகி, சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும் என்றார். எஞ்சினின் ஒவ்வொரு பாகத்தையும் வழக்கத்தைவிடத் துல்லியமாகக் கடைந்தால் அதிர்வே பிறக்காது. பிறக்காத அதிர்வை அடைக்கப் பஞ்சு எதற்கு? எஞ்சினிலிருந்து பின் சக்கரம் வரை சக்தியைக் கொண்டுபோகும் தண்டு வழியில் கோணினால் அதிரும் என்று, முழு வரிசையையும் கூடியவரை ஒரே நேர்கோட்டில் அமைத்தார்கள்.

பலன்: நாலு லிட்டர், எட்டு சிலிண்டர், 250 குதிரை சக்தி கொண்ட எஞ்சின். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம். அமெரிக்காவில் அதிகம் பெட்ரோல் குடிக்கும் கார்களின் மேல் போடுகிற வரி இதன் மேல் விழவில்லை. விளம்பரத்தில், ஓடும் எஞ்சினுக்கு மேலே மூடியின் மீது ஷாம்பெயின் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி, உருளைகளின் மேல் சக்கரங்களை முழு வேகத்தில் சுழலவிட்டுக் காட்டினார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. 1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் வைத்து, அந்த வருஷம் செப்டம்பரில் 35,000 டாலருக்கு விற்க ஆரம்பித்தார்கள். அதே வரிசையில் நின்ற ஜெர்மன் கார்களைவிடப் பல ஆயிரம் டாலர் குறைவு.

களைப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இந்தக் காரின் பதில் என்ன? அமெரிக்க நெடுஞ்சாலை ஏற்கனவே வழவழப்பானது. அங்கே மனிதனைக் களைப்பாக்குவது யந்திரமே. அதன் இரைச்சல், அதன் நடுக்கம், அது எப்போது கெடுமோ என்ற கவலை. ஆகவே லெக்ஸஸ் யந்திரத்தை மறைத்தது. டி.எஸ். உலகத்தைத் திருத்தப் புறப்பட்டது என்றால், லெக்ஸஸ் தன்னைத் தானே திருத்திக்கொண்டது. ஒன்று வீரனின் வழி. மற்றது தபசியின் வழி.

இதற்கும் குறை உண்டு. அது முகத்தில் இருக்கிறது. அந்தக் காரை எதிரே நின்று பாருங்கள். மெர்ஸிடிஸ் காரின் நெருங்கிய உறவினர் வீட்டுப் பிள்ளை போல இருக்கும். பலரும் அன்றே சொன்னார்கள். உள்ளே ஒவ்வொரு திருகாணியையும் புதிதாக யோசித்தவர்கள் வெளியே வந்ததும் பயந்துவிட்டார்கள். யாருக்கும் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்ற எண்ணத்தில், ஏற்கனவே எல்லோருக்கும் பிடித்த முகம் ஒன்றைத் தழுவிக்கொண்டார்கள். பெயரும் அப்படித்தான். லெக்ஸஸ் என்ற பெயர் அமெரிக்கருக்காக ஏற்பட்டது. இதே காரைச் சொந்த நாட்டில் டொயோட்டா செல்ஸியர் என்று விற்றார்கள். லெக்ஸஸ் என்ற பெயரோடு ஜப்பானில் கடை திறந்தது 2005-இல்தான். பிறர் வீட்டுக் கல்யாணத்துக்கென்று வாங்கிய சட்டையைப் பதினாறு வருஷம் கழித்துத் தன் வீட்டில் போட்டுக்கொண்ட கதை.

ஆக, இரண்டு கார்களையும் அடுத்தடுத்து நிறுத்தினால் ஒரு விசித்திரம் தெரிகிறது. டி.எஸ்.ஸுக்கு உடல் புதுசு, இதயம் பழசு. லெக்ஸஸுக்கு இதயம் புதுசு, முகம் பழசு. நம் இலக்கியத்திலும் இந்த இரண்டு ஜாதியையும் பார்க்கிறோம். நடையிலும் உருவத்திலும் ஆச்சரியங்களைக் காட்டி, உள்ளே அரதப் பழைய விஷயத்தை வைத்து ஓட்டுகிற எழுத்து ஒன்று. வழக்கமான குடும்பக் கதை போல ஆரம்பித்து, வாசகனை மிரட்டாமல் கூட்டிப்போய், உள்ளே யாரும் பார்க்காத மனத்தைக் காட்டிவிடுகிற எழுத்து மற்றொன்று. முதல் வகைக்குக் கைதட்டல் சீக்கிரம் கிடைக்கிறது. இரண்டாம் வகையைக் கண்டுகொள்ள ரசிகனுக்குக் கொஞ்சம் காது வேண்டும்.

டி.எஸ். வந்த இரண்டாம் வருஷம் பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த், தம் கட்டுரைத் தொகுதி ஒன்றில் இந்தக் காரைப் பற்றி எழுதினார். இந்தக் காலத்துக் கார்கள் கோதிக் தேவாலயங்களுக்குச் சமம், பெயர் தெரியாத கலைஞர்கள் ஆசையோடு சமைத்தவை என்பது அவர் கருத்து. நல்ல உவமைதான். ஆனால் அது சரியான காருக்குப் போய்ச் சேரவில்லை என்று நினைக்கிறேன். டி.எஸ்.ஸின் கர்த்தாக்களை நாம் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. பெர்டோனியின் விரலும் மாஜெஸின் பிடிவாதமும் காரில் தெரிகின்றன. பெயரில்லாத நூற்றுக்கணக்கான கொத்தர்கள் சேர்ந்து எழுப்பிய தேவாலயம் என்ற புகழ்ச்சிக்கு, முப்பது வருஷம் கழித்து வந்த அந்த ஜப்பானியக் காரே அதிகப் பாத்திரம். 1,400 பேரின் கை அதில் இருக்கிறது. எது யாருடைய கை என்று தெரியவில்லை. அந்த அடக்கத்தைச் சிலர் 'உயிர் இல்லை' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. கையெழுத்துப் போடாததால் ஒரு சித்திரம் உயிரற்றுப் போவதில்லை.

உயிர் எங்கே இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சாட்சி. 1989 டிசம்பரில், விற்பனை ஆரம்பித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இரண்டு புகார்கள் வந்தன. ஒன்று பின்னாலுள்ள பிரேக் விளக்கைப் பற்றி. மற்றது வேகத்தை நிலைநிறுத்தும் சாதனத்தைப் பற்றி. அதுவரை விற்றிருந்த சுமார் 8,000 கார்களையும் கம்பெனி தானாகவே திரும்ப அழைத்தது. சொந்தக்காரர்களைக் காரை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அலைக்கழிக்கவில்லை. ஆள்கள் வீட்டுக்கே போனார்கள். காரை எடுத்துப் போய்ப் பழுது பார்த்து, கழுவித் துடைத்து, பெட்ரோலும் நிரப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் வேலை முடிந்தது. இதில் வியாபாரத் தந்திரம் இல்லையென்று சொல்ல நான் அப்பாவி அல்ல. ஆனால் அடிப்படையில் ஒரு நியாயம் இருக்கிறது: செய்தவன் செய்த தவற்றுக்கு வாங்கியவன் அலையக் கூடாது. டி.எஸ்.ஸின் கர்த்தாக்கள் தங்கள் மேதையின் செலவைக் கிராமத்து மெக்கானிக்கின் தலையில் கட்டினார்கள். எல்.எஸ்.ஸின் கர்த்தாக்கள் தங்கள் பிழையின் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். நடத்தை என்று பார்த்தால் பின்னவர்களே உயர்ந்தவர்கள். 1996-இல் செய்த ஒரு எல்.எஸ். 400 அமெரிக்காவில் 2019-ஆம் வருஷம் பத்து லட்சம் மைலைத் தாண்டியது என்பதையும் இந்தப் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்து லட்சம் மைல் என்பது பூமியை நாற்பது முறை சுற்றிவருகிற தூரம்.

அப்படியானால் லெக்ஸஸுக்கே முதலிடம் என்று தீர்ப்பளித்துவிடலாமா? கை தயங்குகிறது. டி.எஸ்.ஸை நேசிக்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அழகுதான் காரணம் என்றால் நான் இத்தனை தூரம் வாதாட மாட்டேன். அழகுக்குக் கண்காட்சிச் சாலை போதும்.

என் காரணம் வேறு. டி.எஸ். வந்த பிறகு அதன் நீண்ட உருவம் ஒன்றைப் பிரான்ஸில் ஆம்புலன்ஸாகவும் உபயோகித்தார்கள். எலும்பு முறிந்த ஒருவனைக் கரடுமுரடான கிராமத்துச் சாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, ஒவ்வொரு குழியும் அவன் உடம்பில் ஈட்டியாகப் பாயும். அந்தக் குழிகளை வாயுவும் எண்ணெயும் விழுங்கிக்கொண்டன. தேவி என்று பெயர் வைத்து, கண்காட்சி மண்டபத்தில் செல்வந்தர்களை மயக்கிய அதே நுட்பம் நோயாளியின் வலியையும் தாங்கிக் கொடுத்தது. சொகுசைச் சோதிக்க இதைவிடக் கடுமையான பரீட்சை எனக்குத் தெரியவில்லை. ஒருவன் இன்பத்துக்காகச் செய்த பொருள், துன்பத்தில் கிடக்கிற இன்னொருவனுக்கு உதவுமா? டி.எஸ். தேறியது. ஏனென்றால் அது வெளி உலகத்தின் கரடுமுரடை எடுத்துக்கொண்டு போராடியது. கரடுமுரடு எல்லோருக்கும் பொது.

லெக்ஸஸின் மௌனம் அந்தப் பரீட்சையில் அவ்வளவாகத் தேறாது. அது நல்ல சாலை வாய்த்தவனுக்குக் கிடைக்கும் மௌனம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் வெளியே உள்ள ஊரும் யந்திரமும் ஒருங்கே மறைந்துவிடும். அது பெரிய நிம்மதி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே இருப்பவனோடு அது முடிந்துவிடுகிறது.

அதனால் என் தீர்ப்பை இரண்டாகப் பிரித்துத்தான் சொல்ல முடியும். படைப்பு என்ற முறையில் ஸிட்ரோயனே பெரியது. அது பிறப்பதற்கு முன் கார் என்றால் என்ன என்று ஜனங்கள் நினைத்திருந்தார்களோ, பிறந்த பின் அந்த நினைப்பு விரிந்துவிட்டது. ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியே 1965-இல் தன் ஸில்வர் ஷாடோ காருக்கு ஸிட்ரோயனிடம் லைசென்ஸ் வாங்கி அந்த எண்ணெய் நுட்பத்தை உபயோகித்தது. வேலை என்ற முறையில் லெக்ஸஸே உயர்ந்தது. செய்கிற தொழிலுக்கும் வாங்குகிற மனிதனுக்கும் அது காட்டிய மரியாதையை ஸிட்ரோயன் காட்டவில்லை. பெரிய படைப்பாளி என்பதற்காக ஒருவன் பிறரைப் படுத்தும் பாட்டை நாம் மன்னித்துவிடுகிறோம். ஒழுங்காக வேலை செய்கிறவனை, ஒழுங்காகச் செய்கிறான் என்பதற்காகவே சுவையற்றவன் என்கிறோம். இரண்டும் ரசனைக் கோளாறு. காரில் மட்டும் அல்ல, எழுத்திலும் பாட்டிலும் இந்தக் கோளாறு நம்மிடம் நிறைய இருக்கிறது.

டி.எஸ். இருபது வருஷம் ஓடியது. சுமார் பதினாலரை லட்சம் கார்கள் செய்து, 1975 ஏப்ரலில் நிறுத்தினார்கள். பெர்டோனியும் லெஃபெவ்ரும் 1964-லேயே, ஒரே வருஷத்தில், காலமாகியிருந்தார்கள். கம்பெனி பணமுடையில் சிக்கிப் பெஜோவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மாஜெஸின் கோளங்கள் ஸிட்ரோயனின் வேறு கார்களில் தொடர்ந்து, 2017-இல் ஓய்ந்தன. லெக்ஸஸ் கம்பெனி இன்றும் செழிப்பாக நடக்கிறது. இதை வைத்து யார் வென்றார் என்று தீர்மானிக்க வேண்டாம். வியாபாரத்தின் ஆயுளை வைத்துப் படைப்பை அளக்கப் புறப்பட்டால் நம் நல்ல பத்திரிகைகள் பலவற்றை நாமே தோற்றவையாக ஒதுக்க வேண்டிவரும்.

பெர்டோனியின் கையும் ஸுஸுகியின் மனச்சாட்சியும் ஒரே பட்டறையில் சேர்ந்தால் என்ன கார் பிறக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சாலையையும் ஆற்றி, தன்னையும் ஆற்றி, கெட்டால் வீடு தேடி வந்து திருத்திக் கொடுத்து, அத்தனைக்கும் தன் சொந்த முகத்தோடு நிற்கும் ஒரு கார். அப்படி ஒன்று வரும்வரை, முகத்தைக் கண்டு மயங்குகிற நேரத்தில் எஞ்சினையும், எஞ்சினைக் கேட்டு மெச்சுகிற நேரத்தில் முகத்தையும் நாம் கொஞ்சம் விசாரித்துக்கொள்வது நல்லது.